மாடசாமி, வயது 43, ஆண்

இடது பக்கமாகத் திரும்பிப் படு, இடது கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொள் என்று தினமும் முப்பது பேரிடம் சொல்கிற அதே குரலில்தான் சிந்துஜாவிடமும் சொன்னேன். அண்ணன் மகளிடம் வேறு குரலில் சொல்லியிருக்கலாம். ஆனால் வேறு எந்தக் குரலை எடுத்தாலும் பாதியில் உடைந்துவிடும் என்று பயமாக இருந்தது, அதனால் ஆஸ்பத்திரிக் குரல். அவள் திரும்பிப் படுத்தாள். நீலத் துணிக்கு வெளியே தெரிந்த தோள்பட்டை அண்ணனுடையது, கழுத்தும் அண்ணனுடையது, பிள்ளை தன் அம்மாவிடமிருந்து, என் மைனியிடமிருந்து, முடியை மட்டும்தான் வாங்கியிருக்கிறாள். இன்னும் என்னவெல்லாம் வாங்கியிருக்கிறாள் என்று பார்க்கத்தான் இந்தக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறேன். மைனி வெளியே பெஞ்சில் இருக்கிறாள். கதவைச் சாத்தும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்துச் சொன்னாப் போதும் ஆவுடை, வேற யாரு சொன்னாலும் எனக்கு மனசு ஆறாது" என்றாள். பதினேழு வருடமாக இந்த எக்கோ அறையில் வேலை பார்க்கிறேன், இருதயத்தைப் படம் பிடித்து அளவெடுத்து டாக்டருக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை, சொந்தக்காரர் யார் வந்தாலும் என் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள், எனக்கும் அதில் பெருமை உண்டு. இன்றைக்கு அந்த முழங்கையில் அவள் பிடித்த இடம் மட்டும் தனியாகச் சுட்டுக்கொண்டிருந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விளக்கை அணைத்தேன்.

ஜெல்லியை வைத்ததும் அவள் உடம்பைக் குறுக்கினாள். "என்ன அத்தை, ஐஸ்ல போட்ட மாதிரி இருக்கு." கொஞ்சம் பொறுத்துக்கோ என்றேன். மூன்று நாளைக்கு முன்னால் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் கடைசி வளைவில் விழுந்திருக்கிறாள். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸாகி, வருகிற வியாழக்கிழமை ஓட்டத் தேர்வு. முகத்தில் தண்ணீர் தெளித்து சோடா கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம், வெயில் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் மட்டும் எக்கோ பார்க்காமல் இனி மைதானத்துக்குள் வராதே என்றுவிட்டார். யாரோ ஒரு மாஸ்டர், எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்காதவர், அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியுமா. எனக்குத் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, அண்ணனின் பதினாறாம் நாள் விசேஷத்தில் பந்திக்கு அப்பளம் வைத்துக்கொண்டு போகும்போதுகூடத் தோன்றியது. சிந்துஜா அன்றைக்கு எனக்கு முன்னால் தண்ணீர்ச் செம்பு தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே அப்பளம் வைத்தேன், ஒருவருக்கு இரண்டு தடவை வைத்துவிட்டேன், அவர் என் துக்கத்தை மதித்து ஒன்றும் சொல்லாமல் தின்றார்.

திரையில் இருதயம் வந்துவிட்டது. முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அளக்கவே வேண்டாம். கறிக்கடைக்காரனுக்குக் கை சொல்கிற மாதிரி எனக்குக் கண் சொல்லிவிடும். சொல்லிவிட்டது. நான் கண்ணை எடுத்துத் திரையின் மேல் மூலையில் வைத்தேன், அங்கே பெயர் இருக்கிறது, சிந்துஜா, இருபது, பெண், அதற்குப் பக்கத்தில் இன்றைய தேதி. பெயர் கொடுக்காமல் இந்த மெஷின் படமே எடுக்காது, அதில் ரொம்பக் கண்டிப்பு. போன வருடம் மே மாதம் ஒரு திங்கட்கிழமை, மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில், கதவைத் தாழ் போட்டுவிட்டு என் நெஞ்சில் நானே கருவியை வைத்தபோதும் பெயர் கேட்டது. என் பெயரைக் கொடுக்கக் கை வரவில்லை. செத்துப்போன அப்பா பெயரை அடித்தேன். மாடசாமி. வயதுக்கு மட்டும் என்னுடைய நாற்பத்து மூன்று. ஆண். அப்பாவும் நாற்பத்து மூன்றில்தான் போனார் என்பது அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது, கை வியர்த்து ஜெல்லி வழுக்கியது. பத்தொன்பது மில்லிமீட்டர். இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கிற சுவர், சாதாரணமாக ஒன்பது பத்து இருக்கும், பதினைந்தைத் தாண்டினால் பேச்சே வேறு. பிரஷர் இருந்தாலும் தடிக்கும் என்று உடனே பிரஷர் பார்த்தேன். நூற்றுப் பத்து, எழுபது. பிரஷராவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு அழுகை வந்தது. பிரஷர் என்றால் என்னோடு போயிற்று. இது அப்படி இல்லை, இது வருகிற வழி எனக்குத் தெரியும், இதே அறையில் எத்தனை பேருக்கு டாக்டர் விளக்கிச் சொல்லக் கேட்டிருக்கிறேன், அப்பா அம்மா இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து இறங்கும், பிள்ளைகளில் பாதிக்குப் பாதி, கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லோரும், இன்றைக்கே. அந்த 'இன்றைக்கே' என்பதை டாக்டர் மேஜையில் விரலால் தட்டிச் சொல்வார். எனக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு அண்ணன்.

"அத்தை, சாமி வந்தா இதுல தெரியுமா?" சிந்துஜா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். என் கை நின்றுவிட்டது. "யாரு கேக்கச் சொன்னா?" "யாரும் சொல்லலை. அம்மா குறி கேக்கப் போயிருந்துச்சு. அப்பா எறங்குறதுக்கு எடம் தேடுதாரு, அதான் புள்ளை விழுந்துட்டான்னு சொன்னாங்களாம்." எங்கள் குடும்பத்தில் அது உண்டு. சுடலை கோவிலில் வருடா வருடம் நடக்கிற கொடையில் சாமியாடுகிற உரிமை எங்கள் வகையறாவுக்குத்தான், தாத்தா ஆடினார், அப்பா ஆடினார், அப்பாவுக்குப் பிறகு அண்ணன் குற்றாலம் ஆடினான். மேளம் ஏறும்போது நெஞ்சு தடதடவென்று அடிக்கும், கண் இருட்டும், கால் தரையில் பாவாது, அப்போது சாமி இறங்குகிறது என்று அர்த்தம். சின்ன வயதில் அண்ணன் சைக்கிள் மிதித்து வந்து படியில் மயங்கி உட்கார்ந்தபோதே அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள், அடுத்த ஆள் தயாராகிவிட்டான் என்று ஊரே சொன்னது. தாத்தா ஆடி முடித்து விழுந்தார், அப்பா நடுச்சாமத்தில் சாமியோடு சுடுகாட்டு வேட்டைக்குப் போய்த் திரும்பி ஓடி வந்து விழுந்தார், சுடலை கூட்டிக்கொண்டு போனார் என்றார்கள், கெட்ட சாவு இல்லை, கொடுத்து வைத்த சாவு. நான் சாமியைக் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வாசலில் நின்றால் எனக்குக் கை தானாகக் கூம்பும். போன வருடக் கொடையில் மேளத்துக்கு நடுவே எனக்கும் நெஞ்சு அடித்துக் கண் இருட்டியது, பொம்பிளைக்கு வருகிற வழக்கம் இல்லையே என்று பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் படித்தவள். அந்தத் திங்கட்கிழமைதான் கதவைத் தாழ் போட்டேன். சாமி வேறு, சுவர் வேறு என்று இந்தக் குடும்பத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான், இந்த வருடக் கொடையில் அண்ணன் ஆடி விழுந்து எழுந்திருக்காதபோது, "எம்புள்ளை போன மாதிரி யாருக்கு வாய்க்கும், அப்பன் போன வழியிலயே போனான்" என்று பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு பாடியதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றதும் நான்தான். ஆமாம், அப்பன் போன வழிதான் என்று மனதுக்குள் சொன்னேன். அப்போதுகூட மனதுக்குள்தான் சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை. கேட்டால் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன, நன்றாகத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். என் மகள் கயல்விழிக்கு அப்போது ஆனி மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பரம்பரை என்ற ஒரு சொல் வெளியே போனால் மாப்பிள்ளை வீட்டில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும், அண்ணனிடம் சொன்னால் மைனிக்குப் போகும், மைனி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள், பத்து வீட்டுத் தாய்மார் வந்து போகிற இடம். கல்யாணம் முடியட்டும் என்றேன். கல்யாணம் முடிந்தது, தலைத் தீபாவளி முடியட்டும் என்றேன். பிறகு கயல் உண்டாகியிருந்தாள், இந்த நேரத்தில் எதற்கு. ஒவ்வொரு தள்ளலும் சின்னதுதான், ஒரு வாரம், பத்து நாள். புரட்டாசியில் அண்ணன் இங்கேயே வந்தான். திருநெல்வேலியில் ஏதோ சோலி, வந்த கையோடு ஒரு பை முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு இந்தக் கதவுக்கு வெளியே நின்றான், செருப்பைக் கழற்றிவிட்டு, இதுவும் ஏதோ கோவில் மாதிரி. உள்ளே வாண்ணே என்றேன். ஏசிக்குள் வந்து கட்டிலைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான். "இதுலதான் எல்லாத்தையும் கண்டுபுடிப்பியாக்கும். திருடனைப் புடிக்குத பொம்பளை போலீஸ் மாதிரில்லா இருக்க." நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அஞ்சு நிமிஷம் படுண்ணே. அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டியது. அஞ்சு நிமிஷம் படுண்ணே, சும்மா பாத்துருவோம். அவன் நான் எதைச் சொன்னாலும் கேட்பான், படுத்திருப்பான், கூச்சப்பட்டுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்திருப்பான். கட்டில் காலியாகக் கிடந்தது. அடுத்த ஆளைக்கூட இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை. நான் காபி குடிக்கிறியாண்ணே என்று கேட்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்த இடத்துக்கு வந்தால் என் மனசு தட்டி நின்றுவிடும், அஞ்சு நிமிஷம் படுண்ணே, காபி குடிக்கிறியாண்ணே, இரண்டுக்கும் ஒரே மூச்சுதானே ஆகியிருக்கும்.

"ரொம்ப நேரம் ஆவுதோ அத்தை?" என்றாள் சிந்துஜா. இல்லை, முடியப்போகுது என்றேன். இருதயம் முழுக்க விரிந்து நிற்கிற அந்தக் கணத்தில் படத்தை நிறுத்தினேன். சுவரின் ஒரு கரையில் ஒரு புள்ளி, மறு கரையில் ஒரு புள்ளி. பதினெட்டு. இன்னொரு துடிப்பை எடுத்து அளந்தேன். பதினெட்டு. மூன்றாவது எடுத்தேன், விரல் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தது, பதின்மூன்று. எவ்வளவு லேசு. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் பதினொன்று, பதினொன்று என்றால் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார், நான் அளந்ததை அவர் திருப்பி அளப்பதில்லை, ஆவுடை அளந்தால் சரி என்பார். மைனி கும்பிடுவாள். "வியாழக்கிழமை பாருங்கத்தை, எல்லாருக்கும் முன்னால வந்துருவேன். அப்பா இருந்தா கம்பிக்கு வெளிய நின்னு கத்தும்" என்று அவள் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த கருவி வழியாக அவள் பேசுவது நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது, திரையில் அந்தத் தடித்த சுவர் கொஞ்சமும் சளைக்காமல் அடித்துக்கொண்டிருந்தது. பதின்மூன்றை அழித்தேன். நல்லவள் என்பதால் அழிக்கவில்லை. இவளும் விழுந்தால் அந்தப் பதினாறாம் நாளில் என்னால் அப்பளம் வைக்க முடியாது, அதற்காகத்தான் அழித்தேன். பதினெட்டு என்று எழுதிச் சேமித்தேன். எழுதியதும் நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை, ஏனென்றால் பதினெட்டு என்றால் அடுத்த கேள்வி எங்கிருந்து வந்தது என்பதுதான், அதற்கு அடுத்தது எப்போது தெரியும் என்பது.

நான் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். கல்யாணம், தீபாவளி, முருங்கைக்காய் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அது ஒன்றை மட்டும் கடைசியில் தள்ளிக்கொண்டே போகிறேன். மே ஆறாம் தேதி என்னை நான் பார்த்தேன். ஒன்பதாம் தேதி கயலைக் கூட்டிவந்து பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை எல்லாம் செக் பண்ணிக்கொள்வது நல்லது என்று சொல்லி, ஜவுளி எடுக்கப் போகிற வழியில், இதே கட்டிலில், இதே ஜெல்லி. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, மூன்று நாளைக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒன்பது மில்லிமீட்டர். இன்றைக்கு இல்லை என்பதால் என்றைக்கும் வராது என்று இல்லை, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், அதுவும் தெரியும், ஆனாலும் அந்த ஒன்பதைப் பார்த்ததும் என் உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போயிற்று. பசித்தது. அவளும் நானும் ஓட்டலில் போய் வயிறு நிறையச் சாப்பிட்டோம், நான் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்கினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு எல்லாவற்றையும் தள்ளிப்போட முடிந்தது. என் பிள்ளைக்கு இல்லை என்று தெரிந்த பிறகு அண்ணனுக்கு இருக்குமோ என்பது ஒரு சோலியாகிவிட்டது, நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிற சோலி. பயம் முழுவதையும் என் மகளுக்கே செலவழித்துவிட்டேன். அண்ணனுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. இதைச் சாமிக்கு முன்னால்கூட நான் சொன்னதில்லை.

"மைனி, உள்ள வாங்க" என்று கதவைத் திறந்து கூப்பிட்டேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஒண்ணும் இல்லைல?" "இருக்கு மைனி." திரையைக் காட்டிச் சொன்னேன். இந்தச் சுவர் இவ்வளவு இருக்கணும், இவ்வளவு இருக்கு, ஓடினா ரத்தம் வெளிய போற வழி அடைபடும், துடிப்பு தாறுமாறாப் போயிரும், வியாழக்கிழமை ஓடக் கூடாது, இன்னிக்கே டாக்டரைப் பாக்கணும், மருந்து இருக்கு, தேவைப்பட்டா நெஞ்சுக்குள்ள வைக்கிற மெஷின் இருக்கு, புள்ளை நல்லா இருப்பா. சிந்துஜா எழுந்து உட்கார்ந்து நீலத் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். "போலீஸுக்குப் போக முடியாதா?" என்று மட்டும் கேட்டாள். "இது எப்படி வந்துச்சு ஆவுடை, நம்ம யாருக்கும் நெஞ்சு வலியே கெடையாதே" என்றாள் மைனி. நான் வாயால் சொல்லியிருக்க வேண்டும். பழைய பட்டியலைத் திறந்து போன வருடம் மே மாதத்துக்குப் போய் மாடசாமி என்ற வரியில் நிறுத்தி, "இது நான் மைனி. அப்பா பேருல போட்டுப் பாத்தேன். எனக்கும் இருக்கு. இது அப்பா வழியில வாறது. அண்ணனுக்கும் இதுதான். சாமி இல்லை" என்றேன். அவள் திரையிடம் குனிந்தாள். தேதியைப் பார்த்தாள், போன வருடம் மே ஆறு. அங்கன்வாடியில் பிள்ளைகளின் வயதை மாதமும் நாளுமாகக் கணக்குப் போட்டுப் போட்டு அவளுக்குத் தேதி என்றால் உதடு தானாக அசையும். கொடையில் அண்ணன் விழுந்தது ஏப்ரல் இருபத்தொன்பது. "பதினோரு மாசம், இருவத்தி மூணு நாளு" என்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும், காலில் விழலாம், அழலாம், கல்யாணம், நிச்சயம், பரம்பரை என்று மடித்து வைத்ததையெல்லாம் எடுத்துக் கொடுக்கலாம். நான் பயந்துட்டேன் மைனி, எனக்கே வந்துட்டுன்னு புத்தி மழுங்கிப் போச்சு என்று சொல்ல வாயெடுத்தேன், அதுவரை நான் வெறும் பயந்தாங்கொள்ளிதான், பயந்தாங்கொள்ளியை மன்னித்துவிடலாம். பட்டியலை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மைனியின் விரல் மாடசாமி வரியிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது, யார் யாரோ பெயர்கள், ஏழாம் தேதி, எட்டாம் தேதி. ஒன்பதாம் தேதியில் நின்றது. அப்பா பெயரைத் திருடி என்னை ஒளித்தவள், மகள் பெயரை உள்ளபடியே அடித்து வைத்திருந்தேன். கயல்விழி, வயது இருபத்து மூன்று, பெண். மைனி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள், பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "நம்ம கயலுக்கு ஒண்ணும் இல்லைல்லா?"

"இல்லை மைனி."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள், அவள் குரல் எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். சிந்துஜாவின் நெஞ்சில் ஜெல்லி வழிந்து துணியை நனைத்துக்கொண்டிருந்தது. நான் பஞ்சுத் தாளை உருவி அவள் பக்கம் கையை நீட்டினேன். மைனி குறுக்கே வந்து அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், "நீ விடு" என்றாள், தன் பிள்ளையின் நெஞ்சைத் தானே துடைக்க ஆரம்பித்தாள்.